விண்மீனுக்கும் ஓர் இடாப்பு

வைகாசித் திங்கள் முன்னிரவில் எமது துறைமுகக் கரையில் நின்று, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கமாகத் தெற்கு நோக்குவோர், அடிவானிலிருந்து ஏறத்தாழ 20 பாகை உயரத்தில் பேரொளியுடைய விண்மீன் ஒன்றைக் காண்பர். அல்பா செந்தோரி என்பது அதன் பெயர். கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் அது, ஒன்றையொன்று சுமார் 80 ஆண்டுக்கொருமுறை சுற்றிவரும் இரு விண்மீன்களின் ஒளியாகும். அவற்றுட் பெரியதை எமது ஞாயிற்றின் உடன்பிறப்பு எனலாம். நிறமும் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றே, திணிவு பத்திலொரு பங்கு மிகுதி, ஒளி ஒன்றரை மடங்கு, தூரம் 4.4 ஒளியாண்டு.

இஃது இரட்டை என்பது முதன்முதல் அறியப்பட்ட இடம் தமிழ் வழங்கும் புதுச்சேரியாகும். 1689 டிசெம்பரில் வால்வெள்ளியொன்றை நோக்கிக்கொண்டிருந்த யேசுசபைத் துறவி ரிஷோ என்பார் இதனைக் கண்டார். கண்டதை எழுதியும் வைத்தார். எழுதாது விட்டிருப்பின் அது அவரோடு மறைந்திருக்கும்.

விண்மீன் பட்டியல்களை வெறும் எண்குவியல் என்பாருளர். நாம் அவ்வாறு கருதோம். அவை பாடசாலை இடாப்பை ஒத்தவை. ஒருநாட் பக்கத்திற் பெயர்களே உள. பல்லாண்டுப் பக்கங்களை ஒப்பிடும்போதே மாற்றம் புலனாகும். பழைய பட்டியலிற் குறித்த இடத்தினின்றும் இவ்விண்மீன் விலகியிருக்கக் கண்டமையே, அது நமக்கு அண்மையதோ என்னும் ஐயத்தை எழுப்பிற்று. நன்னம்பிக்கை முனையில் 1832, 1833 ஆம் ஆண்டுகளில் எடுத்த அளவைகளைக் கொண்டு ஹெண்டர்சன் அதன் தூரத்தைக் கணித்து 1839 இல் வெளியிட்டார். சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் டெய்லர் தொகுத்த 11,015 விண்மீன்களின் பட்டியல் 1844 இல் வெளிவந்தது. ஹென்றி டிரேப்பர் பட்டியலில் நாம் கூறிய பெரிய விண்மீனின் எண் 128620.

நாம் தமிழாசிரியர். ‘விண்மீன்’ என்னுஞ் சொல் என்ன தொகையென வினாவிப் புள்ளி வழங்கியுள்ளோம். அம்மீனை ஒரு நாளேனும் மாணவர்க்குக் காட்டினோமல்லோம். குறை எம்முடையதே.

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விழா நினைவாகக் கட்டடமும் கல்வெட்டும் எழுப்புக. அவற்றோடு சிறு தொலைநோக்கி ஒன்றும், தமிழில் எழுதற்கு வானிடாப்பு ஒன்றும் கல்லூரிக்கு நல்குக. அவ்விரு விண்மீன்களையும் பிரித்துக் காண அத்தொலைநோக்கியே போதும். ஆண்டுதோறும் வைகாசியில் மாணவர் அவற்றின் நிலையைக் குறிப்பாராக. 80 ஆண்டுச் சுற்றை ஒருவரே இருந்து முழுதும் எழுதி முடித்தல் அரிது. ஒரு தலைமுறை விட்ட இடத்தில் மறு தலைமுறை தொடரல் வேண்டும். அப்பணிக்குக் கல்லூரியினும் தக்க இடம் யாதுளது?