மலைப்பாதையில் வண்டியை எங்கே நிறுத்துவது?

வடக்கிலிருந்து மலையகத்துக்குச் சுற்றுலா போகும் வான்கள் பெருகிவிட்டன. பாடசாலை விடுமுறை தொடங்கினால் கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்பு என்று எந்தச் சந்தியிலும் விடியப்புறம் மூன்று மணிக்கு ஒரு வான் நிற்கும். முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்பட்டால் எல்லா வான்களுக்கும் ஒரே அட்டவணைதான். கண்டியில் தலதா மாளிகை, நுவரெலியாவில் கிறகரி வாவி, சீதா எலிய கோயில், எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம். இரண்டாம் நாள் இரவு லீக்ஸ், கரட் பொதிகளுடன் திரும்பிவிடுவார்கள்.

கடந்த மாசி மாதம் நாங்களும் போனோம். ஒன்பது பேர், பங்கு போட்டு எடுத்த வான். எங்கே நிற்பது என்பதை நான் தீர்மானிப்பேன் என்ற ஒரேயொரு நிபந்தனையோடுதான் நான் பங்குக்காசு கொடுத்தேன். முதற்காரணம் பணம். நுவரெலியா நகருக்குள் ஒன்பது பேர் ஒருவேளை சாப்பிடும் காசில் எங்கள் வான் ஒரு நாள் முழுக்க ஓடும். இரண்டாவது காரணம் என் அம்மா. அவர் பிறந்தது தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில். எட்டு வயதில், 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு, அம்மாயியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தவர். பிறகு ஒருமுறைகூட மலையேறவில்லை.

அம்மாயி என்று நான் எழுதுவது அம்மாவின் அம்மாவை. பாரதிபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் அவர் அம்மாயி, படலைக்கு வெளியே அம்மம்மா. பாடசாலையில் 'தோட்டக்காட்டார்' என்று சொல்லப்படாமல் இருக்க நாங்கள் சிறுவயதிலேயே படித்துக்கொண்ட தந்திரம் அது. மலையைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான். "அங்க போயி என்னத்தப் பாக்கப்போற? ஏத்தமும் எறக்கமுந்தான்." முள்ளிவாய்க்கால் வரை நடந்து, மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து, 2012 இல் இறந்தார்.

முதல் நிறுத்தம் மாத்தளை. கண்டிக்கு அவசரப்படும் வான்களில் எல்லோரும் நித்திரை கொள்ளும் இடம் இது. எங்களுக்கு ஏ9 வீதி என்றால் போர்தான் நினைவுக்கு வரும். 2002 இல் பாதை திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, ஓமந்தையில் இறங்கி வரிசையில் நின்றது. ஆனால் இந்தப் பாதையின் தெற்குப் பகுதிக்கு அதைவிடப் பழைய கதை உண்டு. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாகத் தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் தின்றது போக எஞ்சியவர்கள்தான் மலையேறினார்கள். அந்த வருகையின் இருநூறாவது ஆண்டு நினைவாக, 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில்தான் முடிந்தது. முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் பிளேன்ரீயும் வடையும் எடுத்தோம். ஒன்பது பேருக்கும் ஆயிரம் ரூபா முடியவில்லை.

கண்டியைச் சுற்றிக்கொண்டு கம்பளைக்குப் போனோம். அங்கே பழைய பீக்கொக் தோட்டத்தில், லயன் அறைகளிலேயே அமைந்திருக்கிறது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். பெரிய வீதியிலிருந்து விலகிப் போகவேண்டும். சாரதி முணுமுணுத்தார். போகுமுன் திறந்திருக்குமா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, தப்பு, பித்தளைப் பாத்திரங்கள், கடதாசிகள். பெரிய அலங்காரமெல்லாம் இல்லை. ஆனால் எங்கள் பயணத்தில் நாங்கள் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அம்மா வாசலில் நின்றபடியே சொன்னார், "அடுப்பு இந்தப் பக்கம் இருக்கணும். இங்கதான் எங்க அப்பா தலவெச்சுப் படுப்பாரு." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் 'எங்கட', 'இருக்கவேணும்' என்று பேசும் அம்மாவின் வாயில் அந்தப் பேச்சு எங்கே ஒளிந்திருந்தது? எங்களோடு வந்திருந்த பக்கத்து வீட்டு ரீச்சர், யாழ்ப்பாணத்தவர், அறையை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "மெனிக் பாமில தந்த தறப்பாள் கொட்டில் அளவுதான் இருக்குது" என்றார். நாங்கள் அந்தக் கொட்டிலில் சில மாதங்கள் இருந்ததை இன்றுவரை சொல்லி மாளவில்லை. இங்கே தலைமுறைகள் இருந்திருக்கின்றன, இன்னும் இருக்கின்றன.

கம்பளையிலிருந்து நுவரெலியா போகும் ஏ5 வீதி அழகான வீதி, ஆபத்தான வீதியும்கூட. 2025 மே 11 அன்று கெரண்டிஎல்லவில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 23 பேர் இறந்தார்கள். அந்த வளைவில் நாங்கள் படம் எடுக்க நிற்கவில்லை. வன்னியின் நேர்வீதியில் ஓடிப் பழகிய சாரதிகளுக்கு ஒரு வார்த்தை: இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், கியரைக் குறைத்து இறங்குங்கள். இரவில் இந்த வீதியில் ஓடவே வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மலைகளைப் பிய்த்துப் போட்டது. வீதி பல இடங்களில் மண்சரிவால் மூடப்பட்டுப் பிறகு திறக்கப்பட்டது. பச்சைக்கு நடுவே செம்மண் கீறல்களை இப்போதும் பார்க்கலாம். சில கீறல்களின் அடியில் லயன்கள்.

இறம்பொடையில் நீர்வீழ்ச்சியைப் பார்க்கக் காசு கொடுத்து விடுதிக்குள் போகவேண்டியதில்லை. வீதியோரமே போதும். லபுக்கலையில் தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது, சனமும் அதிகம். நுவரெலியாவை நான் தாண்டிப் போகச் சொன்னேன். பிள்ளைகள் கோபித்துக்கொண்டார்கள். வாவிக்கரையில் அரை மணித்தியாலம் கொடுத்துச் சமாளித்தேன்.

நானுஓயா தாண்டி, தலவாக்கலை வழியாக ஹட்டனுக்குப் போகும் ஏ7 வீதியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். எங்கள் பக்கத்து வான்கள் பெரும்பாலும் எல்ல பக்கம் திரும்பிவிடுவதால் இதைத் தவறவிடுகின்றன. தலவாக்கலையிலும் ஹட்டனிலும் கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். ரொட்டியும் கட்டைச்சம்பலும் நகரத்து விலையில் பாதிதான். ஹட்டனில் தங்கும் அறைகள் சிவனொளிபாதமலை யாத்திரிகர்களை நம்பி இருப்பவை. டிசம்பர் முதல் மே வரையான பருவத்தில் வார இறுதியையும் போயா நாளையும் தவிர்த்தால் பேரம் பேசலாம். நாங்கள் புதன்கிழமை போனதால் இரண்டு அறைகளில் ஒன்பது பேர் படுத்துக்கொண்டோம். தலவாக்கலையிலிருந்து வட்டகொடைப் பக்கம் திரும்பினால் மடக்கும்புர தோட்டம். மலையக எழுத்தின் முன்னோடியும் 1947 பாராளுமன்றத்தில் தலவாக்கலையின் உறுப்பினருமான சி.வி. வேலுப்பிள்ளை பிறந்த இடம். அடுத்த ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிவுசெய்த மக்களையே நாடற்றவர்களாக்கியது. அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகக் கைதூக்கிய தமிழர்களும் இருந்தார்கள் என்பது வடக்கில் நாம் மெதுவாகப் பேசும் விடயம்.

சென் கிளயார் நீர்வீழ்ச்சி இப்போது மெலிந்துவிட்டது. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குத் தலவாக்கலையில் ஆற்றை மறித்து, 2012 முதல் 150 மெகாவாற் மின்சாரம் எடுக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி டெவன் நீர்வீழ்ச்சி. 97 மீற்றர். வீதியோரத்தில் நின்று பார்க்கக் காசில்லை. வரிசையாக வான்கள், கைபேசிகள்.

அந்த நீர்வீழ்ச்சிக்குப் பெயர் கொடுத்த டெவன் தோட்டத்தில் 1977 மே மாதம் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞன் பொலிஸ் சூட்டில் இறந்தான். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக்காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க அரசாங்கம் முயன்றபோது, தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள். அதில்தான் சூடு விழுந்தது. காணி பறிபோகாமல் நின்றது, அவன் உயிர் போனது. காணிக்காக உயிர் கொடுப்பதென்றால் அது நமக்கு மட்டும் உரிய கதை என்று வடக்கில் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி நின்றவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஐந்து பேரில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. தேநீர்க் கடைக்கார ஐயாவுக்குத் தெரிந்திருந்தது. "பார்க்க வர்றவங்க யாரும் கேட்கிறதில்லீங்களே" என்றார்.

போர் முடிந்த கையோடு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்ததை நாங்கள் மறக்கவில்லை. கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியின் முன்னால் குடும்பமாக நின்று படம் எடுத்தார்கள். பக்கத்திலேயே நினைவுப்பொருள் கடை. புதுக்குடியிருப்பின் நிலக்கீழ் வீட்டைப் பார்க்க, 2013 இல் அதை இராணுவம் தகர்க்கும்வரை, வரிசை நின்றது. கூரையில்லாத வீடுகளுக்குள் இருந்து நாங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார்கள்கூட. ஆனால் எங்கள் படலைக்குள் வந்து என்ன நடந்தது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. டெவனில், எங்கள் வான் பிள்ளைகள் கொழுந்துக் கூடையோடு போன ஒரு பெண்ணை நிறுத்திப் படம் எடுத்தபோது எனக்கு அந்தத் தண்ணீர்த் தாங்கிதான் ஞாபகம் வந்தது.

2025 இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களுக்கு விற்கப்படும் படங்களில் தேயிலை மலை இல்லாத படம் எது? துரை பங்களாக்கள் டொலரில் அறை விடும் விடுதிகளாகிவிட்டன. மலையை அப்படிச் சீவி வைத்திருப்பவரின் நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வரவுக்கான 200 ரூபாவை அரசாங்கம் சேர்த்துக் கொடுக்க முன்வந்தது. 1,750 ரூபாவைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். ஆகவே நான் சொல்லும் மலிவான நிறுத்தம் நம் சட்டைப்பையை மட்டும் கருதியதல்ல. வீதியோரக் கடையில் நாங்கள் கொடுக்கும் நூறு ரூபா அந்த லயனுக்குள்தான் போகிறது. கம்பனியின் தேநீர் மண்டபத்தில் கொடுக்கும் ஆயிரம் அப்படிப் போவதில்லை.

டித்வாவுக்குப் பிறகு இன்னொரு பேச்சும் எழுந்தது. சரியும் மலையில் எதற்கு இருக்கவேண்டும், வடக்கு கிழக்குக்கு வந்து குடியேறலாமே என்று நம் பக்கத்துத் தலைவர்கள் அழைத்தார்கள். மலையகத் தலைவர்கள் சிலரும் அதைத் தட்டவில்லை. நல்ல மனத்தோடு சொல்லப்பட்டதுதான். ஆனால் அந்த அழைப்புக்கு 1977 இலேயே பதில் சொல்லி வந்த குடும்பம் எங்களுடையது. வந்தவர்களுக்குக் கிடைத்தது காட்டோரத்து மேட்டுக்காணி. வயல் கிடைத்தவர் அரிது. எல்லைக் கிராமமென்றால் முதல் அடியும் அவர்களுக்குத்தான். கூலிவேலைக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள், கலியாணப் பேச்சில் ஊர் கேட்கப்பட்டது. அழைப்பவர்கள் எந்தக் காணி, யார் பெயரில், என்ன உறுதியோடு என்பதை முதலில் எழுத்தில் வைக்கட்டும். மலையிலேயே பாதுகாப்பான இடத்தில் காணி கேட்பவர்களின் கோரிக்கையை நம் அழைப்பு பலவீனப்படுத்தக்கூடாது என்பதையும் யோசிக்கவேண்டும். 'மாற்றிடம் இருக்கிறதே' என்று ஓர் அதிகாரி சொல்லித் தப்பிக்க அது வழியாகிவிடும்.

கடைசி நிறுத்தம் அம்மாவின் தோட்டம். தலவாக்கலையிலிருந்து வான் ஏறாத பாதை, ஆட்டோதான். லயன் இருந்தது. தொங்கல் காம்பரா என்று அம்மா கைகாட்டிய இடத்தில் வேறொரு குடும்பம். தகரக் கூரையில் புயலுக்குப் பின் போட்ட தறப்பாள், அதன்மேல் கற்கள். சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் அம்மாவின் அப்பாவின் பெயரைச் சொன்னதும் ஒரு வயதான அக்கா, "கவ்வாத்துக்காரரு மகளா நீ?" என்று கேட்டு இஸ்தோப்பில் உட்காரவைத்தார். வெறுந்தேத்தண்ணி வந்தது, கடிக்கச் சீனி. காசு கொடுக்க முனைந்த ரீச்சரை அவர் பார்த்த பார்வையில் ரீச்சர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பேச்சு மழைக்குப் போனது, சரிவுக்குப் போனது. மேலே உள்ள லயனில் இரவில் இப்போதும் யாரும் படுப்பதில்லையாம். பேரப்பிள்ளைக்குத் தலைவாரியபடி அந்த அக்கா கேட்டார்.

"ஏம்மா, வன்னிக்குப் போனா காணி குடுக்குறாங்கன்னு பேசிக்கிறாங்களே. ஒங்களுக்குக் கெடச்சுச்சா?"

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"கெடச்சுச்சு அக்கா. அரை ஏக்கர். நாப்பத்தொம்பது வருசமாச்சு. உறுதி இன்னும் வரல்ல."