ரவாங்கில் ஒரு சம்பளம், செரண்டாவில் ஒரு சம்பளமா?

ரவாங்கில் இருந்து தஞ்சோங் மாலிம் பக்கம் கம்யூட்டர் ரயில் ஏறினால், அடுத்த நிலையம் செரண்டா. 2020-இல் இந்த ஒரு நிலைய தூரத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 100 ரிங்கிட் குறைந்தது.

காரணம் என்ன? அப்போது மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு 1,200 ரிங்கிட். மற்ற இடங்களுக்கு 1,100. ரவாங், செலாயாங் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. செரண்டாவோ அன்று உலு சிலாங்கூர் மாவட்ட மன்றத்தில் இருந்தது.

இன்று அந்தக் கோடு இல்லை. 2025 ஆகஸ்டு முதல் நாடு முழுக்க 1,700 ரிங்கிட்தான்.

அப்புறம் ஏன் கட்டுமானப் பணி ஆய்வாளரின் சம்பளம் இடத்துக்கு இடம் மாறுது? 1,700 என்பது அடிமட்டம் மட்டுமே. அதற்கு மேல் திட்டத்தின் அளவு, அனுபவம், பேரம் ஆகியவையே தொகையை முடிவு செய்கின்றன.

ஆகவே, கையெழுத்துப் போடும் முன் மூன்றைப் பாருங்கள்:

- 1,700 அடிப்படைச் சம்பளமாகவே இருக்க வேண்டும். அலவன்ஸைச் சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது.
- கான்கிரீட் ஊற்றும் வேலை இரவு வரை இழுக்கும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்கு, சாதாரண நாளின் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு உண்டு.
- மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பணி ஆய்வாளராகப் பதிந்துகொள்ளலாம். எந்த ஊருக்குப் போனாலும், பேரம் பேச அது கைகொடுக்கும்.