நூறு பேர் எழுதினால் பொய் மெய்யாகுமா?

அமெரிக்காவில் பல குடும்பங்களுக்கு ஓர் ஆசை. 17-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த தங்கள் மூதாதை, இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் வாரிசாக இருக்க வேண்டும்! அந்த ஆசையைக் காசாக்கியவர் குஸ்தாவ் ஆஞ்சூ (1863–1942). சுவீடனில் போலி ஆவணக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றபின் அமெரிக்கா வந்தவர். பணக்காரர்களுக்கு வம்சாவளி எழுதிக் கொடுப்பதே தொழில்.

அவர் காட்டும் ஆவணங்களில் பெரும்பாலானவை உண்மையானவை. தேவாலயப் பதிவேடு, உயில் எல்லாம் அசல். கப்பலேறியவரையும் பிரபுவையும் இணைக்கும் இடத்தில் மட்டும் ஒரு கற்பனை ஆவணம். அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் இருக்காது!

1991-ல் ஆய்வாளர் ராபர்ட் சார்லஸ் ஆண்டர்சன் இந்தத் தந்திரத்தைத் தோலுரித்தார். அப்படியும் அந்த வம்சாவளிகள் இணையத்தில் நகல்மேல் நகலாய் உலவுகின்றன. கேட்டால், "இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே" என்று பதில் வருகிறது. ஒரே செலவை நூறு பேரேட்டில் எழுதினாலும், ரசீது இல்லையென்றால் எந்தத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வார்?

தகப்பன், மகன் என்ற ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனியாக அக்காலத்து ஆவணம் வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். காலியிடம் அவமானமல்ல.

"குடும்பப் பெருமைதானே, யாருக்கு நட்டம்?" என்கிறீர்களா? பொய்ப் பிரபு வந்து உட்காரும் இடத்தில், உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்த ஒரு தச்சனோ உழவனோ தன்னைப் பெற்றவர்களை இழக்கிறான். அவனுக்குத்தான் நட்டம்.