தடை இல்லை, மாத்திரையும் இல்லை

கோட்டக்குப்பத்துக்கும் முத்தியால்பேட்டைக்கும் நடுவில் ஒரு மாநில எல்லை இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது கண்ணிலேயே படாது. ஒரே தெரு நீண்டு போகிற மாதிரிதான் இருக்கும். பிரியாணிக் கடை, செல்போன் கடை, மெடிக்கல், மறுபடியும் பிரியாணிக் கடை. எல்லை என்றதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சரக்குதான். அங்கே விலை குறைவு, இங்கே கொண்டுவந்தால் வழக்கு. அதற்கென்று மதுவிலக்குப் போலீஸ், சோதனை, டிக்கியைத் திறக்கச் சொல்வது எல்லாம் உண்டு.

அதே எல்லையைத் தாண்டி இன்னொரு பொருளும் வருகிறது. அதை யாரும் சோதிப்பதில்லை. ஹேண்ட்பேகின் உள்ஜிப்பில் அடங்கிவிடும். ஒரே ஒரு மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரெல், 1.5 மில்லிகிராம். கடைப்பெயர் ஐ-பில், அன்வான்டட்-72. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போடவேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரை.

2005இலிருந்து இந்தியாவில் இதை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கலாம். மத்திய அரசின் குடும்ப நலத் திட்டத்திலேயே ஈஸி பில் என்ற பெயரில் இது உண்டு. தமிழ்நாடும் இந்தியாவில்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். ஈசிஆரில் ஒரு கடை, திண்டிவனத்தில் ஒரு கடை, சென்னையில் வேலை பார்த்தபோது ஓஎம்ஆரில் மூன்று கடைகள். "அதெல்லாம் இங்க வைக்கிறதில்லம்மா." "தமிழ்நாட்டுல தடை பண்ணிட்டாங்களே, தெரியாதா?" ஒருவர் மட்டும் உள்ளதைச் சொன்னார்: "தடையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. வச்சா கேள்வி வரும். எதுக்கு வம்பு?"

அவர் சொன்னதுதான் சரி. தடை எதுவும் இல்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தரப்பிலேயே பலமுறை சொல்லியாகிவிட்டது. அரசு தடை இல்லை என்கிறது, கடைக்காரர் தடை என்கிறார், மாத்திரை மட்டும் இல்லை. தடை என்று ஒன்று இருந்திருந்தாலாவது நீதிமன்றத்துக்குப் போகலாம். இல்லாத அரசாணையை எதிர்த்து எந்தக் கோர்ட்டில் மனு போடுவது?

என் தொழில் மென்பொருள். ஒரு சர்வர் உங்களுக்கு மறுப்புச் சொன்னால்கூட ஒரு எண்ணைக் கொடுக்கும். 403 என்றால் பொருள் இருக்கிறது, உனக்கு அனுமதி இல்லை. 404 என்றால் பொருளே இல்லை. தமிழ்நாட்டு மருந்துக்கடை பெண்களிடம் 403ஐ மறைத்து 404 என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பிழை அல்ல இது. யாரும் கையெழுத்துப் போடாமல் எல்லோரும் சேர்ந்து எழுதிய புரோகிராம்.

*

இதைப் பேச ஆரம்பித்தால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு. "பெண்களின் நல்லதுக்குத்தானே? ஹார்மோன் மாத்திரை ஆபத்து. சும்மா மிட்டாய் மாதிரி விற்க முடியுமா?" இந்தப் பதிலைக் கேலி செய்து கடந்துபோக எனக்கு விருப்பமில்லை. இதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை வைத்துக்கொண்டுதான் முழு அநியாயம் நடக்கிறது.

முதலில், எந்த மாத்திரை? ஊரில் 'அந்த மாத்திரை' என்ற ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு பொருட்கள் கிடக்கின்றன. ஒன்று, தினமும் போடும் கருத்தடை மாத்திரை. மாலா-என், மாலா-டி போன்றவை. இரண்டாவது, மேலே சொன்ன அவசர மாத்திரை. மூன்றாவது, மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற கருக்கலைப்பு மாத்திரைகள். மூன்றாவது மட்டும்தான் கருவைக் கலைக்கும். அதற்கு மருத்துவர் கண்டிப்பாக வேண்டும். அவசர மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. ஏற்கெனவே தரித்த கருவை அதனால் ஒன்றும் செய்யமுடியாது. கருக்கலைப்பு மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்பது நியாயமான விதி. அந்த விதியின் நிழல் இரண்டாவது மாத்திரை மேலும் விழுந்து, அதுவும் கள்ளச்சரக்காகிவிட்டது. ஐயா, அவசர மாத்திரை கிடைக்காத பெண்தான் சில வாரங்கள் கழித்து மூன்றாவது மாத்திரையைத் தேடி அலைகிறாள். எதைத் தடுக்க நினைத்தீர்களோ அதற்கே ஆள் அனுப்புகிறீர்கள்.

அடுத்து, ஆபத்து. உண்டு. யாரும் இல்லையென்று சொல்லவில்லை. 1956இல் போர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பெண்களிடம்தான் முதல் கருத்தடை மாத்திரையைப் பெரிய அளவில் சோதித்தார்கள். அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண்மணி, பக்கவிளைவுகள் அதிகம், இது பொதுவில் ஏற்கத்தக்கதல்ல என்று எழுதிக் கொடுத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1960இல் அமெரிக்கா கருத்தடைக்கு அனுமதி கொடுத்தது. அன்றைய மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. இன்று மாலா-என்னில் இருப்பது 30 மைக்ரோகிராம்.

இந்தக் குறைப்பு தானாக வரவில்லை. பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர் 1969இல் மாத்திரையின் ஆபத்துகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1970இல் செனட்டர் கேலார்ட் நெல்சன் விசாரணை நடத்தினார். மாத்திரை போட்ட ஒரு பெண்ணைக்கூடச் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. பெண்கள் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து நின்று கத்தினார்கள். அவர்கள் மாத்திரையை ஒழி என்று கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். அந்த ஆண்டே ஒவ்வொரு பாக்கெட்டோடும் நோயாளி படிப்பதற்கான விளக்கத்தாள் வைக்க உத்தரவு வந்தது. ஆபத்துக்கு அவர்கள் கண்ட மருந்து ஒரு துண்டுக் காகிதம்.

நம்மூரில் அந்தக் காகிதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில். பல நேரம் அதுவும் கிடையாது. கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி, வேண்டிய மாத்திரையை மட்டும் கவரில் போட்டு நீட்டுவார். எல்லை தாண்டி, தோழியின் தோழி வழியாக வரும் மாத்திரையோடு எந்தத் தாளும் வருவதில்லை. பாதுகாப்பின் பெயரால் மாத்திரையை மறைத்ததில் மறைந்துபோனது பாதுகாப்புதான்.

*

சரி, அந்தத் தாளில் என்ன இருந்திருக்கும்? இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது ஒருத்திக்காவது அது கையில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தினசரி மாத்திரை எல்லோருக்கும் ஆகாது. 35 வயதுக்கு மேல் புகைபிடிப்பவர், ரத்த அழுத்தம் உள்ளவர், கண்முன்னே மின்னல் கோடுகள் தெரிந்த பிறகு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர், மார்பகப் புற்றுநோய் அல்லது கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர், குழந்தை பெற்று ஆறு மாதம் ஆகாத, பால் கொடுக்கும் தாய் ஆகியோர் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. ஆகவே ஆரம்பிக்கும் முன்னால் பிபி பார்ப்பது முக்கியம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும், ஃபெனிடாய்ன், கார்பமசெபைன் போன்ற வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது.

மாலா-என் அட்டையில் 28 மாத்திரை. 21 ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. ஒருநாள் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையையும் வழக்கம்போல் போடலாம். இரண்டு நாள் அல்லது அதற்கு மேல் மறந்தால், கடைசியாக விட்ட ஒன்றை உடனே போட்டுவிட்டுத் தொடரவேண்டும். அடுத்த ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். அந்த மறதி ஹார்மோன் மாத்திரையின் மூன்றாவது வாரத்தில் நடந்தால், இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேராக அடுத்த அட்டைக்குப் போகவேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, பார்வை மங்கல், இதுவரை வராத மாதிரியான தலைவலி என எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

அவசர மாத்திரை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடவேண்டும். அடுத்த உறவுக்கு அது காப்பு இல்லை. மாதவிடாய் சில நாள் முன்பின் ஆகலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் பரிசோதிக்க வேண்டும். அடிக்கடி போட்டால் குழந்தையே பிறக்காது என்பது புரளி. ஆனால் வழக்கமான கருத்தடைக்கு ஈடாக அதை நம்பமுடியாது. ஐந்து நாளுக்குள் காப்பர்-டி வைத்துக்கொண்டால் அதைவிட உறுதியான அவசரக் காப்பு வேறில்லை. இவற்றில் எதுவும் பால்வினை நோய்களைத் தடுக்காது; அதற்கு ஆணுறைதான்.

இவ்வளவுதான். ஒரு மெடிக்கல் ஷாப்காரர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ரத்தக்கட்டி என்று பயமுறுத்துகிறார்களே, அந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லலாம். அமெரிக்க எஃப்டிஏ தரும் கணக்கு இது: மாத்திரை போடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தம் கட்டுகிறது. மாத்திரை போடுபவர்களில் 3 முதல் 9 பேர். கர்ப்பிணிகளில் 5 முதல் 20. பிரசவித்த முதல் 12 வாரங்களில் 40 முதல் 65. ஆபத்தைக் கண்டு பதறுகிறவர்கள் எந்த எண்ணைக் கண்டு பதறவேண்டும்?

*

என்னை நிஜமாகவே எரிச்சலூட்டுவது வேறு. எந்தக் கடையில் ஐ-பில் இல்லையோ அதே கடையில் பிரிமோலட்-என் கேட்டுப் பாருங்கள். நாரெதிஸ்டிரோன். மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை. "எத்தனை நாளைக்கும்மா?" என்பதைத் தவிர ஒரு கேள்வி வராது. கல்யாணம், கோயில் திருவிழா, உம்ரா பயணம், கிரகப்பிரவேசம் என்று எங்கள் பக்கம் எல்லா மதத்துப் பெண்களும் போடுகிறார்கள். மாமியார்களே வாங்கிக் கொடுக்கிறார்கள். ஐந்து மில்லிகிராம், தினம் மூன்று வேளை. அதுவும் ஹார்மோன்தான். உடலுக்குள் போய் அதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அதனால் ரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்கள் அதிலும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். அப்படிப் போடுவது கருத்தடையும் ஆகாது. இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

ஆக, பெண் உடம்புக்குள் ஹார்மோன் போவதில் இந்தச் சமூகத்துக்கு ஆட்சேபணை இல்லை. சடங்குக்காகப் போனால் புண்ணியம், தனக்காகப் போனால் ஆபத்து.

அரசும் லேசுப்பட்டதல்ல. குடும்பக் கட்டுப்பாட்டில் நாம் முன்னோடி மாநிலம். 1950களிலேயே ஆர்.ஏ. கோபாலசுவாமி காலத்தில் ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்த மாநிலம். டி.வி. அந்தோணி என்ற தலைமைச் செயலரின் முன்னெழுத்தை 'டியூபெக்டமி வாசெக்டமி' என்று விரித்துச் சிரித்த மாநிலம். விளைவு? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். நாட்டின் சராசரியே 37.9தான். மாத்திரை போடுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆபரேஷன் செய்த ஆண்களும் நூற்றுக்கு ஒருவர் இல்லை. இரண்டு பிள்ளை பெறும்வரை எதுவும் கிடையாது, பெற்றதும் கத்தி. நடுவில் ஒரு பெண் யோசிப்பதற்கும், தள்ளிப்போடுவதற்கும், மனதை மாற்றிக்கொள்வதற்கும் இடமே இல்லை. மாத்திரை அந்த நடு இடம். அதை அவள் தானே தொடங்கலாம், தானே நிறுத்தலாம். பயம் அதில்தான் இருக்கிறது.

பெரியார் இதை 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் எப்போதோ பேசிவிட்டார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை கேட்டபோது, அவர் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார். அவர் பெயரைச் சொல்லாத மேடை இல்லாத மாநிலத்தில், அவர் கேட்ட பொருளை வாங்க நான் எல்லை தாண்டுகிறேன்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுங்க கெட்டுப்போயிடுவாங்க" என்பதுதான் கடைசிச் சீட்டு. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புச் சட்டத்தில் மணமானவர், மணமாகாதவர் என்று பிரிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. கருக்கலைப்புக்கே இல்லாத பிரிவினை ஒரு மாத்திரைக்கு எங்கிருந்து வந்தது? எங்கள் ஊரில் பிரான்சில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. அங்கே 2023 ஜனவரியிலிருந்து எந்த வயதுப் பெண்ணும் சீட்டில்லாமல், காசில்லாமல் மருந்துக்கடையில் அவசர மாத்திரை வாங்கலாம். ஒரே குடும்பத்தில் ஒரு பேத்திக்குப் பாரிசில் இலவசம், இன்னொரு பேத்திக்குக் கோட்டக்குப்பத்தில் 404.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. தடை இல்லை என்று வாயால் சொல்வதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு சுற்றறிக்கையாக எழுதி, ஒவ்வொரு மருந்துக்கடைக்கும் அனுப்பட்டும். பாக்கெட்டுக்குள் தமிழில், படிக்கக்கூடிய எழுத்தில் ஒரு தாள் இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி பார்த்து, நாலு கேள்வி கேட்டு, பிள்ளை எத்தனை என்று கேட்காமல் மாத்திரை கொடுக்கட்டும். பிரிமோலட் கொடுக்கும் கையும் அந்த நாலு கேள்வியைக் கேட்கட்டும்.

மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். எடுக்கட்டும். அந்தத் தாளைப் படித்துவிட்டு அவள் எடுத்த முடிவு அது. கடைக்காரரின் "எதுக்கு வம்பு" எடுத்த முடிவாக இருக்கக்கூடாது.