திண்டுக்கல் கிணறுகளும் ‘பசுமை நீதிபதி’யும்

வழக்கறிஞராக இருந்து உச்ச நீதிமன்ற நீதிபதியான குல்தீப் சிங், 2024 நவம்பரில் மறைந்தார். திண்டுக்கல் அவரை நினைக்கத் தனிக் காரணம் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த தோல் தொழிற்சாலை வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று அவரது அமர்வு தீர்ப்பளித்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததைக் காட்டிய கள ஆய்வும் அதில் பதிவானது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். அன்றைக்கே அது சொற்பம்தான். கிணற்றை இழந்தவருக்கு இழப்பீடும், நீரையும் நிலத்தையும் சீராக்கும் செலவும் மாசுபடுத்தியவர் தலையிலேயே விழும் என்றானதே பெரிது. இத்தகைய வழக்குகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கவும் அத்தீர்ப்பு வழிசெய்தது.