பள்ளிக்கூட மண்ணில் வெள்ளிக் காசு! அது யாருக்குச் சொந்தம்?

அமெரிக்க நாட்டில், விடுமுறை நாட்களில், பழைய பள்ளிக்கூட மைதானங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒருவர் கையில் நீண்ட கம்பு வைத்திருப்பார். கம்பின் அடியில் தட்டுப் போல ஒரு வளையம் இருக்கும். அதைத் தரையை ஒட்டினாற்போல் இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே மெல்ல நடப்பார். திடீரென்று நிற்பார். மண்டி போட்டு உட்கார்ந்து மண்ணைக் கிளறுவார்.

அவர் தேடுவது வெள்ளிக் காசு!

பள்ளிக்கூடத்து மண்ணில் வெள்ளிக் காசு எப்படி வந்தது? ராஜாக்கள் புதைத்து வைத்த புதையல் அல்ல அது. பிள்ளைகள் தொலைத்த காசு.

1964-ம் ஆண்டு வரை அமெரிக்காவில் 10 சென்ட், 25 சென்ட், 50 சென்ட் காசுகளை வெள்ளியில் அடித்தார்கள். நூற்றில் 90 பங்கு வெள்ளி. மீதி செம்பு. 10 சென்ட் காசுக்கு "டைம்" என்று பெயர். கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கும். எடை இரண்டரை கிராம். பிள்ளைகளின் கையில் அதிகமாகப் புழங்கியது இந்த டைம்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று தாய் கொடுத்தனுப்புவாள். மிட்டாய்க்கு என்று தாத்தா கொடுப்பார். பையன் விளையாட்டுக் கம்பியில் தலைகீழாகத் தொங்குவான். சட்டைப் பையில் இருந்த காசு நழுவிப் புல்லில் விழுந்துவிடும். மணி அடித்துவிடும். தேட நேரம் இருக்காது. அன்று அவனுக்கு மிட்டாய் இல்லை. சில நாள் சாப்பாடே இல்லை.

விழுந்த காசு மேலேயே கிடப்பதும் இல்லை. இலை விழுந்து மக்கும். மழை பெய்யும். மண்புழு அடியில் இருக்கும் மண்ணைக் கொண்டுவந்து மேலே போடும். மேலே கிடக்கும் பொருள் சிறிது சிறிதாகக் கீழே போய்விடும். மண்புழுவின் இந்த வேலையைப் பற்றி, சார்லஸ் டார்வின் 1881-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். இப்படி நாலு அங்குலம், ஆறு அங்குலம் ஆழத்துக்குப் போன காசு, ஐம்பது அறுபது ஆண்டுகள் ஆனாலும் கெடாது. வெள்ளி இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. மண்ணைத் தட்டிவிட்டால் பளிச்சென்று இருக்கும்.

மறைந்து போன வெள்ளி

வெள்ளி விலை ஏறியது. சில்லறைத் தட்டுப்பாடும் வந்தது. 1965-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி ஜனாதிபதி ஜான்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். டைமிலும் 25 சென்ட் காசிலும் வெள்ளி அடியோடு நின்றது. செம்பும் நிக்கலும் வந்தன. பழைய காசைப் பதுக்கி வைப்பதால் லாபம் இல்லை என்று ஜான்சன் எச்சரித்தார். ஜனங்கள் கேட்டார்களா? கேட்கவில்லை. வெள்ளிக் காசுகளைப் பொறுக்கி எடுத்துப் பெட்டியில் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் கடைத்தெருவில் வெள்ளிக் காசைக் காண முடியவில்லை.

பொறுக்கி எடுக்க முடியாமல் போனவை மண்ணுக்குள் கிடந்த காசுகள்தான். அவற்றைத் தேடித்தான் இந்தக் கம்பு மனிதர்கள் வருகிறார்கள்.

இவர்கள் கையில் இருக்கும் கருவிக்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டை ஒருவன் துப்பாக்கியால் சுட்டுவிட்டான். உடம்பில் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க, டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் மின்சாரக் கருவி ஒன்றைச் செய்து கொண்டு ஓடினார். குண்டு அகப்படவில்லை. ஜனாதிபதி இறந்து போனார். பிறகு இரண்டாவது உலக யுத்தத்தில், மண்ணில் புதைத்த கண்ணிவெடிகளைத் தேட இதே மாதிரிக் கருவி உதவியது. பல சிப்பாய்களின் உயிரைக் காத்தது. இப்போது அது காசு தேடுகிறது.

வளையத்துக்குள் மின்சாரம் ஓடும். அதனால் தரைக்குள் காந்த சக்தி பாயும். கீழே உலோகம் இருந்தால் அதிலும் சிறு மின்சாரம் பிறக்கும். அதைக் கருவி கண்டுகொண்டு கூவும். எல்லா உலோகங்களிலும் வெள்ளியில்தான் மின்சாரம் மிக நன்றாக ஓடும். ஆகையால் வெள்ளிக் காசுக்குக் கீச்சென்று உயர்ந்த சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தேடுகிறவருக்கு நெஞ்சு படபடக்குமாம்! தோண்டிப் பார்த்தால், பல சமயம் நசுங்கிய அலுமினியத் துண்டு பல்லை இளிக்கும்.

ஆசைக்கு எல்லை உண்டா? 1916-ம் ஆண்டு டென்வர் நகரத்து நாணயச் சாலையில் அடித்த டைம் மொத்தம் 2 லட்சத்து 64 ஆயிரம்தான். பின்புறம் சின்ன "டி" என்ற எழுத்து இருக்கும். அது ஒன்று அகப்பட்டால் பல நூறு டாலர் விலை போகும். அந்த ஒன்றுக்காக எத்தனையோ பேர் எத்தனையோ குழிகளைத் தோண்டுகிறார்கள்.

குழியை யார் மூடுவது?

தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நல்லவர்கள் ஒழுங்காகத் தோண்டுகிறார்கள். புல்லை மூன்று பக்கம் வெட்டி, மூடியைப் போலத் திருப்பி வைப்பார்கள். மண்ணை ஒரு துணியில் கொட்டுவார்கள். காசை எடுத்ததும் மண்ணை அப்படியே திருப்பிப் போட்டு, புல்லை மூடி மிதித்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். மறுநாள் பார்த்தால் தோண்டிய இடமே தெரியாது. மற்றவர்களோ அவசரக்காரர்கள். குழியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். திங்கட்கிழமை காலையில் ஓடிவருகிற குழந்தை அதில் கால் வைத்தால் என்ன ஆகும்? கணுக்கால் பிசகும். எலும்பு முறிந்தாலும் ஆச்சரியம் இல்லை. இரண்டரை கிராம் வெள்ளி அதற்கு ஈடாகுமா?

"ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ தொலைத்தது. அதற்குச் சொந்தக்காரன் யார்? எடுத்தவனுக்குத்தான் சொந்தம்!" என்று சிலர் வாதம் செய்கிறார்கள். இது செல்லாத வாதம். தரைமேல் கிடந்த பொருள் வேறு, மண்ணில் புதைந்த பொருள் வேறு. புதைந்த பொருள் பொதுவாக நிலத்துச் சொந்தக்காரருக்கே சேரும் என்பது அமெரிக்க நீதிமன்றங்கள் பலவற்றின் வழக்கம். சர்க்கார் பள்ளிக்கூட நிலம் அந்த வட்டாரத்துப் பள்ளி நிர்வாகத்துக்குச் சொந்தம். யாரும் கேட்காத நேரத்தில் நுழைந்து யாரும் பார்க்காமல் எடுத்துப் போவதற்கு என்ன பெயர் என்று அவர்களே சொல்லட்டும்.

இதனால் கோபம் கொண்டு சில ஊர்களில் காசு தேடுவதையே அடியோடு தடுத்துவிட்டார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் தடை நல்ல வழி அல்ல. பழைய பள்ளிக்கூடங்களை இடிக்கிறார்கள். மைதானத்தில் சிமெண்டுத் தளம் போட்டு மோட்டார்கள் நிறுத்துகிறார்கள். அப்போது மண்ணும் காசும் லாரியில் ஏறிப் போய்விடும். யாருக்கு லாபம்? இடிக்கும் முன்னால் தேடுகிறவர்களை வரச்சொல்லி, நிர்வாகமே அனுமதி கொடுக்கலாமே!

பிள்ளைகள் அனுப்பிய டைம்

அந்தக் காசு வெறும் வெள்ளி அல்ல என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 39-வது வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் விளங்காமல் போயின. அந்த நோயை ஒழிக்க 1938-ல் அவர் ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார். ஆளுக்கு ஒரு டைம் ஜனாதிபதிக்கு அனுப்புங்கள் என்று நடிகர் எடி கேண்டர் ரேடியோவில் கேட்டுக்கொண்டார். லட்சக்கணக்கான டைம்கள் வெள்ளை மாளிகையில் வந்து குவிந்தன! பிள்ளைகளும் அனுப்பினார்கள். தபால் பைகளை வைக்க இடம் இல்லை. ரூஸ்வெல்ட் 1945-ல் காலமானார். மறு ஆண்டு அவருடைய பிறந்த நாளான ஜனவரி 30-ந் தேதி அவர் முகம் பொறித்த புதிய டைம் வெளிவந்தது.

1954-ல் டாக்டர் சால்க் கண்டுபிடித்த தடுப்பு மருந்தைப் பரீட்சை செய்தார்கள். அதற்குச் செலவு செய்தது அதே சங்கம். ஊசி போட்டது எங்கே? பள்ளிக்கூடங்களில்! முதல் ஊசி வர்ஜீனியா மாகாணத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் போடப்பட்டது. நாடு முழுவதும் சுமார் 18 லட்சம் குழந்தைகள் அந்தப் பரீட்சையில் கலந்து கொண்டார்கள். மருந்து பலிக்கிறது என்ற செய்தி 1955 ஏப்ரல் 12-ந் தேதி வந்தது. ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்து ஆண்டுகள்!

ஊஞ்சல் மரத்தடியில் 1952 என்று ஆண்டு பொறித்த டைம் ஒன்று அகப்பட்டால், அதற்குள் இத்தனையும் இருக்கிறது. எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டால் இந்தக் கதை யாருக்குத் தெரியும்? சரித்திர பாடம் நடத்தும் ஆசிரியர் அதைக் கையில் பிடித்துக் காட்டினால், வகுப்பில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்கார்வான்.

ஆகையால் அனுமதி கொடுக்கும்போது பள்ளிக்கூடத்தார் ஒரு நிபந்தனை போட வேண்டும். அகப்பட்டதை எல்லாம் முதலில் தலைமை ஆசிரியர் மேஜைமேல் கொண்டுவந்து வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் தேடியவருக்குக் கொடுக்கலாம். அவர் வெயிலில் பாடுபட்டிருக்கிறார். வெறுங்கையோடு அனுப்புவது அழகு அல்ல. பந்து விளையாடும் இடத்தில் மட்டும் எவரையும் தோண்ட விடக்கூடாது. மூடிய குழியிலும் மண் அமுங்கும்.

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை ஏறக்குறைய ஜூன் முதல் ஆகஸ்டு வரை. மைதானத்தில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். தேட விரும்புகிறவர்கள் மே மாதத்திலேயே ஒரு கடிதம் எழுதிப் போட்டால், நிர்வாகத்தார் படித்துப் பார்த்துப் பதில் எழுத அவகாசம் இருக்கும்.