சொந்தச் சிப்பந்தியா, வெளி ஒப்பந்தமா?

புதிதாகச் சங்கம் கண்ட ஊர்களுக்கு ஆய்வுக்குச் செல்லும்போதெல்லாம் நிர்வாகக் குழுவினர் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கணக்கெழுத ஓர் ஆளை நாமே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதா, அல்லது டவுனிலுள்ள கணக்கு அலுவலகத்திடம் மாதக் கட்டணத்துக்கு ஒப்படைத்துவிடுவதா?" என்பதே அது. கணக்கில் தொடங்கும் இக்கேள்வி சாயம் ஏற்றுதல், நெல் எடை போடுதல், சரக்கு அனுப்புதல், விற்பனை என ஒவ்வொரு வேலைக்கும் பரவுகிறது. நெசவாளர் சங்கமாயினும், விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனமாயினும், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இதற்குக் காணும் விடையைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைகிறது.

பெரும்பாலோர் இதனைச் செலவுக் கணக்காகவே பார்க்கின்றனர். ஓர் எழுத்தருக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் ஆகிறது. வெளி அலுவலகம் மாதம் 5,000 ரூபாய் கேட்குமானால், 18 விழுக்காடு வரியும் சேர்ந்து 5,900, ஆண்டுக்கு 70,800. மிச்சம் 73,200 ரூபாய் என்று தெரிந்தவுடன் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடுகிறது. இந்தக் கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் கணக்கில் வராத செலவு ஒன்று இருக்கிறது.

நான் பார்த்த ஒரு புதிய நெசவாளர் சங்கத்தில் பதிவேடுகள் யாவும் கம்ப்யூட்டரில் அச்சிடப்பட்டு, கண்ணுக்கு அழகாக இருந்தன. மாதந்தோறும் சீட்டுகளை ஒரு பையில் போட்டு டவுனுக்கு அனுப்புவார்கள். கணக்கு எழுதப்பட்டுத் திரும்பி வரும். அச்சங்கத்தில் மூன்று சேலைக்கான பாவு வாங்கிய ஓர் அம்மையார், மூன்றையும் நெய்து ஒப்படைத்திருந்தார். அவற்றில் ஒரு சேலைக்குரிய சீட்டு டவுனுக்குப் போய்ச் சேரவேயில்லை. ஏட்டின்படி அவர் பட்டு நூல் பாக்கிதாரர்! அதன் பேரில் அவருடைய கூலி நிறுத்திவைக்கப்பட்டது. கணக்கு அலுவலகத்தைக் கேட்டால், "வந்த சீட்டை எழுதினோம், வராததற்கு நாங்கள் பொறுப்பாளிகளல்ல" என்றார்கள். சங்கத்தாரைக் கேட்டால், "கணக்கு எங்களிடம் இல்லையே" என்றார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான். இருப்பிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்த பிறகே அம்மையாரின் பேச்சு மெய்யென்று தெளிவாயிற்று. அதற்குள் இரண்டு மாதம் கடந்துவிட்டது. அந்த இரண்டு மாத அடுப்புச் செலவை அவர் வட்டிக்கு வாங்கித்தான் நடத்தினார். சங்கம் மிச்சப்படுத்திய தொகையில் ஒரு பகுதியை, அவருக்கே தெரியாமல், அவர் செலுத்தியிருக்கிறார் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆகவே, எது மலிவு என்பதற்கு முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இவ்வேலையில் தவறு நேர்ந்தால் அங்கத்தினருக்கு நேர் நின்று பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்?

இக்கேள்வியை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கின்றனர். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக ஊரார் பெருமையுடன் பேசுகிறோம். ஆயின் கி.பி. 921ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டில் கணக்கனைப் பற்றியும் விதி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தான் எழுதிய கணக்கைப் பெரியோரிடம் காட்டி, நேர்மையானவன் என்று பெயர் பெறும்வரை ஒருவனை மறுபடி கணக்கெழுத அமர்த்தலாகாது. எழுதியவனே கணக்கை ஒப்புவிக்கவேண்டும். வேறொருவனைக் கொண்டு முடித்துவைக்கக் கூடாது என்பது அதன் கருத்து. எழுதும் கையும் பதில் சொல்லும் வாயும் ஒருவருடையதாகவே இருக்கவேண்டும் என்று மகாசபையார் கண்டிருந்தனர்.

காலம் மாறிவிட்டது, வியாபாரம் பெருகிவிட்டது என்போர் குஜராத்தின் கேடா மாவட்டத்தைப் பார்க்கட்டும். அங்குள்ள உழவரின் பாலை பம்பாய்க்கு அனுப்பும் உரிமை முன்னர் போல்சன் என்னும் தனியார் நிறுவனத்திடம் இருந்தது. அந்நிலையை மாற்ற உழவர்கள் 1946இல் தங்கள் கூட்டுறவு ஒன்றியத்தைப் பதிவு செய்தனர். இன்று அமுல் என்று உலகறிந்தது அதுவே. தலைவர் திரிபுவன்தாஸ் படேல், ஆனந்தில் அரசாங்கப் பாற்பண்ணை வேலையிலிருந்த இளம் பொறியாளர் வர்கீஸ் குரியனை அழைத்து 1950இல் ஒன்றியத்தின் மேலாளராக்கினார். எருமைப் பாலிலிருந்து பால் பவுடர் தயாரிக்க வழி கண்ட தலாயாவும் ஒன்றியத்தின் சொந்த நிபுணரே. கிராமச் சங்கங்களில் பாலை அளந்து கொழுப்பைச் சோதிப்பவரும் சங்கத்தின் ஆட்களே. ஆனால் இதே ஸ்தாபனம் வெண்ணெய் விளம்பரத்தை 1966இல் சில்வெஸ்டர் டகுன்ஹாவின் வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதில் தலையிடாமலும் இருந்தது. அளவையும் தரத்தையும் தன் கையில் வைத்துக்கொண்டு, படம் வரையும் திறமையை வெளியில் வாங்கிற்று. இது நமக்கு நல்ல வழிகாட்டி.

நம் சங்கங்களுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். தராசு, ரொக்கப் பெட்டி, நூல் இருப்பு, நெய்து வந்த சேலையைத் தரம் பார்த்து ஏற்றல், அங்கத்தினர் கணக்கு ஆகிய ஐந்தும் சங்கத்தின் சொந்த ஆளிடமே இருக்கவேண்டும். இவற்றில் ஒரு நாள் தவறினாலும் அங்கத்தினரின் நம்பிக்கை குலைந்துவிடும். லாரி வாடகை, ஜரிகைப் பரிசோதனை, புதிய டிசைன் வரைதல், வரி விவரம் தாக்கல் செய்தல், கம்ப்யூட்டர் பழுது பார்த்தல் போன்றவை எப்போதாவது தேவைப்படுவன. அல்லது விசேஷத் திறமை வேண்டுவன. விளைவும் வெளிப்படையாகத் தெரிந்துவிடும். இவற்றுக்காக ஆள் வைத்துச் சும்மா உட்காரவைப்பது வீண்.

"சொந்தச் சிப்பந்தி வைத்தால் நிர்வாகியின் மைத்துனர்தான் வந்து உட்காருவார், பிறகு அவரை அசைக்க முடியாது" என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பயம் நியாயமானதே. பல சங்கங்கள் இவ்வாறு நலிந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் உறவினரை வேண்டாம் என்று தள்ள நிர்வாகக் குழுவுக்குத் துணிவில்லையானால், ஒப்பந்தமும் அதே மைத்துனரின் கைக்குத்தான் போய்ச் சேரும். ஆகையால் உறவினர் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதுங்கள். மூன்று நான்கு பேர் வேண்டாம்; பொறுப்புள்ள ஒருவர் போதும். தொடக்கத்தில் அரை நாள் வேலையாயினும் பாதகமில்லை. அங்கத்தினர் வீட்டுப் படித்த பிள்ளைகளாயின், தகுதி பார்த்து எடுத்துப் பயிற்சிக்கு அனுப்பலாம்.

விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இது இன்னும் அவசரமானது. கம்பெனிச் சட்டப்படி அவற்றுக்கு முழுநேரத் தலைமை நிர்வாகி ஒருவர் இருந்தாக வேண்டும். மத்திய அரசு 2020இல் தொடங்கிய 10,000 உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் ரூபாய் வரை உதவியும், அதனுள் தலைமை நிர்வாகிக்கு மாதம் 25,000, கணக்கருக்கு 10,000 ரூபாய் வரை சம்பளமும் வகுக்கப்பட்டன. மூன்றாண்டு உதவி நான்காம் ஆண்டில் இராது. அதற்குள் அவ்விருவரின் சம்பளத்துக்குரிய வியாபாரத்தைச் சங்கம் தேடிக்கொள்ளாவிட்டால், பழகிய ஆட்கள் போய்விடுவார்கள். அலமாரியும் நாற்காலியும் மட்டும் மிஞ்சும்.

வெளியாரிடம் வேலை கொடுத்தே தீரவேண்டிய சங்கங்கள் நான்கு விஷயங்களை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நலம். பதிவேடுகள் யாவும் சங்கத்தின் சொத்து. மாதந்தோறும் ஒரு பிரதி சங்க அலுவலகத்தில் இருக்கவேண்டும். அனுப்பும் சீட்டுகளுக்கு எண்ணிட்டு, எண் விடுபட்டால் ஒரு வாரத்துக்குள் கேட்டெழுதவேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில் கணக்கை ஒப்படைப்பது என்பதும் தெளிவாக இருக்கவேண்டும். அச்சிட்ட கணக்கைப் படித்துச் சொல்லத்தக்க ஒருவராவது நிர்வாகக் குழுவில் இருப்பது இவையனைத்தினும் முக்கியம்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் எழுந்து, "என் பெயரில் எவ்வளவு நூல் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் முடிவதற்குள் அந்த மேடையிலேயே பதில் கிடைக்குமாயின், உங்கள் சங்கம் உங்கள் கையில்தான் இருக்கிறது. டவுனுக்குப் போன் செய்து கேட்கவேண்டுமென்றால், உடனே ஓர் ஆளைத் தேடத் தொடங்குங்கள்.